இடித்த பாசிமணியின் நீலம்

அந்த நகையை அவர் குப்புறத்தான் வைத்தார்.

எங்கள் கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி கீழே, ஓர் அல்ஜீரிய அம்மா இருக்கிறார். அரபுக்காரர் என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்: "கபில்." வட அல்ஜீரியாவின் கபிலியா மலைகளில் வாழும் பெர்பெர் இனத்தார் அவர்கள். பாரிஸில் லா ஷாப்பெல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து பார்பெஸ் சந்தைக்கு நடந்தே போய்விடலாம். அதனால் இந்தப் பக்கத்துக் கட்டடங்களில் எங்கள் ஆட்களும் அவர்கள் ஆட்களும் பல வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். போன மாரியில் அவருடைய பேத்திக்குக் கலியாணம் சரிவந்தது. நகையெல்லாம் துடைக்க வேண்டும், கண் பிடிக்கவில்லை, ஒருக்கால் வந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டார். நான் வாரத்தில் ஒரு மாலை எனாமல் வேலை பழகப் போவது அவருக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளங்கையை மூடும் அளவில் ஒரு வட்ட வெள்ளிப் பதக்கம். அதற்குப் பெயர் தப்ஸிம்த். ஆண் பிள்ளை பெற்ற தாய் அதை நெற்றியில் குத்திக்கொள்வது அவர்கள் ஊர் வழக்கம். இது அவருடைய தாய்க்கு, மூத்த அண்ணன் பிறந்தபோது வந்தது. இதுபோன்றவற்றின் முன்பக்கத்தை நான் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். கொத்துக் கொத்தாகச் சிவந்த பவளம், அதைச் சுற்றி வெள்ளிக் குமிழ்கள், இடையிடையே நிறம். அதையெல்லாம் காட்டாமல், குப்புற வைத்து, "இந்தப் பக்கத்தைப் பார், யெல்லி" என்றார். யெல்லி என்றால் என் மகள்.

பின்பக்கம் முழுக்க எனாமல். துணியோடு ஒட்டிக்கிடந்து ஒருவர் கண்ணுக்கும் படாத பக்கம் அது. அதில் முறுக்கிய வெள்ளிக் கம்பியால் பாத்தி கட்டி, பாத்திக்குப் பாத்தி நிறம் ஊற்றியதுபோல் நிரப்பியிருந்தார்கள். கருநீலமும் பச்சையும் ஒளியை உள்ளே விட்டன. சாய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளித் தகட்டின் கீறல்கூடத் தெரிந்தது. மஞ்சள் மட்டும் ஒளி புகாத, அவித்த முட்டைக் கருவின் மஞ்சள்.

"இந்த நீலம் என்ன தெரியுமா?"

"கோபால்ட்," என்றேன். வகுப்பில் படித்தது.

"பாசிமணி," என்றார் அவர்.

அவருடைய பெரியப்பா வெள்ளி வேலைக்காரர். ஊர் ஆத் யென்னி, திஸி ஊஸூ மாகாணத்தில், ஜுர்ஜுரா மலைத்தொடரைப் பார்த்தபடி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிராமக் கூட்டம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த அம்மாவுக்குக் கிடைத்த வேலை, அறுந்த மாலைகளிலிருந்து வந்த கண்ணாடி மணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கிண்ணங்களில் போடுவது. பெரியப்பா அவற்றை இரும்புரலில் இடிப்பார். பிரான்சிலிருந்து தயார்ப் பொடி வரத் தொடங்கிய காலத்திலும் சில நீலத்துக்கு அவர் மணியைத்தான் நம்பினார். "கடைப் பொடி கோபக்காரி, மணி பழகியவள் என்று சொல்லுவார்" என்றார் அந்த அம்மா. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் அந்த வாக்கியத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். பழகியவள் என்றால் என்ன? கண்ணாடி எப்படி உலோகத்தோடு பழகும்?

எனாமல் என்று நாம் சொல்வது வேறொன்றுமில்லை, கண்ணாடிதான். நிறமூட்டிய கண்ணாடியை மாவாக்கி, ஈரத்தோடு உலோகத்தில் அப்பி, காயவைத்து, 750 முதல் 850 டிகிரிச் சூட்டில் சில நிமிடம் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். வடக்கே ராஜஸ்தானின் மீனா வேலையும் இதுதான். ஆனால் அங்கே பெரும்பாலும் தகட்டைக் குடைந்து பள்ளம் செய்து நிரப்புவார்கள். கபில் மலையில் பள்ளம் குடைவதில்லை, வரம்பு கட்டுகிறார்கள். மெல்லிய கம்பியை வளைத்து வெங்காரம் போட்டுப் பற்றவைத்து, வயல் வரப்புப்போல் பாத்தி எழுப்பி, அதற்குள் கண்ணாடி மாவை இறக்குகிறார்கள்.

வட ஆப்பிரிக்காவில் வெள்ளி நகை இல்லாத மலை இல்லை, பாலைவனம் இல்லை. எனாமல் அப்படியில்லை. வரைபடத்தில் அது தீவு தீவாகத்தான் கிடக்கிறது. அல்ஜீரியாவில் பெரிய கபிலியா, அதிலும் ஆத் யென்னி. மொரோக்கோவில் தெற்கே அத்லஸுக்கு எதிர்மலை என்னும் ஆன்டி அத்லஸும் அதன் வாசலில் உள்ள திஸ்னித் நகரமும். துனீசியாவில் மொக்னீன், ஜெர்பா. அல்ஜீரியாவிலேயே ஔரெஸ் மலைக்காரர்களும் அதே பெர்பெர் இனத்தார்தான். வடிவான வெள்ளி வேலை செய்பவர்கள்தான். ஆனால் எனாமலுக்குப் பேர் போனது அந்த மலை இல்லை. கண்ணாடி மணி மட்டும் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. அதனால் மணி வந்ததால் எனாமல் வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. மணி கையில் இருந்தும் எனாமல் செய்யாத ஊர்கள்தான் அதிகம். மணியை உடைத்துப் பார்க்கத் தெரிந்த கை ஒன்று வேண்டும்.

அந்தக் கை கடல் கடந்து வந்தது. கிரனாடாவின் கடைசி முஸ்லிம் அரசர்களின் வாட்பிடிகளிலும் கச்சைகளிலும் கம்பிப் பாத்தி கட்டிய எனாமலை இன்றும் ஸ்பெயின் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். 1492ல் கிரனாடா விழுந்தது. அதே வருடம் யூதர்களை வெளியேறச் சொல்லிக் கட்டளை வந்தது. எஞ்சியிருந்த மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயத்தில் கிறிஸ்தவர்களான முஸ்லிம்களின் வழிவந்தவர்களை, 1609 முதல் 1614 வரை கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பினார்கள். இந்த அகதிகளோடுதான், பெஜாயா போன்ற துறைமுகங்கள் வழியாக, எனாமல் வேலை மலையேறியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. எனக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை. ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் பட்டறையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, கையில் இருக்கும் வேலையை மட்டும்தான் கொண்டுபோக முடியும். எங்கள் குடும்பத்தில் மூன்று பேரை எனக்கு அப்படித் தெரியும்.

சரி, கை வந்தது. கண்ணாடி?

மலையில் வெள்ளி வேலைக்காரன் கண்ணாடி செய்ய மாட்டான். அதற்கு வேறு உலை, வேறு விறகு, வெள்ளை மணல், சோடா, ஈயம் எல்லாம் வேண்டும். மஞ்சளுக்கு ஆன்டிமனி வேண்டும், நீலத்துக்குக் கோபால்ட் வேண்டும். அதையெல்லாம் அளந்து கலக்கும் இரகசியம் வேண்டும். கபில் பட்டறையில் இருந்தது கரியடுப்பு, துருத்தி, குறடு, உருக்க நாணயம். பட்டறை வேலைக்குக் குறைந்த ஊர் இல்லை அது. 1857ல் பிரெஞ்சுப் படை மலை ஏறுவதற்கு முன்பே ஆத் யென்னி துப்பாக்கிக்கும் வாளுக்கும் நகைக்கும், கள்ள நாணயத்துக்கும்கூடப் பேர் போன இடம். உலோகத்தில் அவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நிறக் கண்ணாடி வெளியிலிருந்துதான் வர வேண்டும். அது நூலில் கோத்தபடி, வியாபாரியின் கழுதை முதுகில், கிராமச் சந்தைக்கே வந்து நின்றது.

மணி வியாபாரம் அந்தக் கரையில் மிகப் பழசு. கார்த்தேஜ்காரர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே தாடிவைத்த சின்ன மனித முகங்களைக் கண்ணாடியில் செய்து தொங்கவிட்டார்கள், பெரிய கண்கள், சுருட்டைத் தாடி. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் தோண்டியபோது நம் பக்கத்துச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன, அரிக்கமேட்டிலும் மாந்தையிலும் இழுத்து அறுத்த அந்த வகை. அது வேறு கடல், வேறு காலம். ஆனால் மணி எவ்வளவு தூரம் நடக்கும் என்பதற்குச் சொல்கிறேன். 1352ல் மொரோக்கோவின் சிஜில்மாஸாவிலிருந்து சகாராவைக் கடந்து போன இப்னு பதூதா, அங்கே பயணம் போகிறவனுக்குக் கட்டுச்சோறும் வேண்டாம், காசும் வேண்டாம், உப்புத் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் கொஞ்சம் வாசனைச் சரக்கும் போதும் என்று எழுதிவைத்தார்.

பிறகு வெனிஸ். தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் 1291லேயே கண்ணாடி உலைகளையெல்லாம் முரானோத் தீவுக்கு மாற்றியவர்கள். நடுவில் பொந்து விட்ட கண்ணாடிக் குழம்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அது நீண்டு, பல மீட்டர் நீளக் குழலாகும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, முனை மழுங்கச் சூட்டில் உருட்டினால் மணி. 19ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவின் யாப்லோனெட்ஸ் பட்டறைகள் அச்சில் அழுத்தி இன்னும் மலிவாகச் செய்தன. ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே பவளம்போல, அம்பர்போல என்று சாயல் பார்த்துச் செய்து அனுப்பினார்கள். அல்ஜியர்ஸ், துனிஸ், எஸ்ஸவீரா என்று துறைமுகங்களில் இறங்கிய மூட்டைகள் சந்தை சந்தையாக மலைக்கு ஏறின.

மொரோக்கோ எதிர்மலை வேலைக்காரர்கள் இப்படி வந்த மணிகளை இடித்துத்தான் எனாமலுக்குப் பயன்படுத்தினார்கள் என்பதை நகை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதே அறிவு தெற்கே மௌரித்தானியாவில் இன்னொரு உருவம் எடுத்தது. அங்கே கிஃபா என்ற ஊர்ப் பெண்கள் ஐரோப்பிய மணிகளை மாவாக இடித்து, எச்சில் அல்லது கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்து, ஊசி முனையால் கோடு கோடாக வைத்து, சின்னத் தகரத்தில் போட்டுக் கரியில் சுட்டு, புதிய மணி செய்தார்கள். முக்கோண மணி, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை. உலகத்தில் மிக நுணுக்கமான பொடிக்கண்ணாடி வேலை அது என்று நான் நினைக்கிறேன். மலிவுச் சரக்கு என்று அனுப்பியவன் நினைத்த மணி, அங்கே போய் மூலப்பொருளாக மாறியது.

ஆனால் பெரியப்பாவின் வாக்கியம் எனக்கு விடை சொல்லவில்லை. மணி ஏன் பழகியவள்? கண்ணாடிதான் வேண்டும் என்றால் உடைந்த போத்தல் போதாதா? போத்தல் மலிவு, பச்சை நிறம் வேறு இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்த்தேன். ஒரு செப்புத் தகட்டில் செப்புக் கம்பியால் ஆறு பாத்தி கட்டினேன். பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய முரானோ மணிகள் ஒரு கைப்பிடி இருந்தன, கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை, நீலம், பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு. ஒரு பச்சை வைன் போத்தலின் கழுத்தையும் எடுத்துக்கொண்டேன். துணியில் சுற்றித் தட்டி, இரும்புரலில் இடித்தேன். மணி இடிபடும் சத்தம் நன்னாரி வேர் இடிப்பதுபோல் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, முதலில் படபடவென்று, பிறகு மணலாக, பிறகு சத்தமே இல்லாமல். காந்தத்தால் இரும்புத் துகளை எடுத்தேன். பிறகு அலசல். அரிசி களைவதுபோலவேதான். முதல் தண்ணீர் பால்போல் போகும். ஏழு, எட்டுத் தண்ணீர் மாற்றிய பிறகுதான் தெளிந்தது. அந்தப் பால் போகாமல் விட்டுவிட்டால் நீலம் மூட்டமாகிவிடும், அடியில் தகடு தெரியாது. சின்னப் பிள்ளையில் மணி பிரித்ததோடு, அந்த அம்மாவின் கைவிரல்கள் குளிரில் விறைக்க விறைக்கச் செய்த இன்னொரு வேலை இதுதான்.

ஈரமான மாவை மெல்லிய கரண்டி முனையில் எடுத்துப் பாத்திக்குள் வைத்து, ஓரத்தில் ஒற்றுத்தாள் வைத்துத் தண்ணீரை உறிஞ்சி, உலை மேல் வைத்துக் காயவிட்டேன். ஆவி நின்றதும் 800 டிகிரி உலைக்குள். மூன்று நிமிடம். கண்ணாடி மாவு முதலில் சீனி தூவியதுபோல் தெரியும், பிறகு தோடம்பழத் தோல்போல் குண்டும் குழியும், பிறகு திடீரென்று தண்ணீர்போல் மினுங்கும். மணிப் பாத்திகள் நான்கும் மினுங்கின. போத்தல் பாத்திகள் இரண்டும் சீனியாகவே கிடந்தன. போத்தல் உருக இன்னும் சூடு கேட்டது. சூட்டை ஏற்றினேன், ஒருவழியாக அதுவும் உருகியது. வெளியே எடுத்து ஆறவைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேசையில் டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு டிக். போத்தல் பச்சை வெடித்துப் பாத்தியைவிட்டுத் தெறித்து விழுந்தது. நீல மணி அசையவில்லை.

இதுதான் பழக்கம். உலோகமும் கண்ணாடியும் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். ஒரு டிகிரிக்கு வெள்ளி தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 19 பங்கு மாறும், செம்பு 17 பங்கு. போத்தல் கண்ணாடி 9 பங்குதான். முரானோக் கண்ணாடியில் சோடா அதிகம். அது சூட்டுக்கு இளகியது, மாறுவதும் 10 பங்குக்கு மேலே. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் இன்று எனாமலுக்கென்றே செய்து விற்கும் பொடிகளும் ஏறத்தாழ அந்த 10, 11 பங்கில்தான் நிற்கின்றன. உலோகம் கொஞ்சம் கூடச் சுருங்கிக் கண்ணாடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், நெரித்துவிடக் கூடாது. முரானோவில் மணி இழுத்தவர்கள் எனாமலை மனதில் வைத்து அந்தக் கலவை செய்யவில்லை. நீளமாக இழுபட வேண்டும், குறைந்த சூட்டில் வளைய வேண்டும் என்று செய்தார்கள். அந்தக் குணம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு மலைப் பட்டறைக்குப் பொருந்திப்போனது.

சூட்டின் கணக்கும் அப்படியே. தூய வெள்ளி 961 டிகிரியில் உருகும். ஆனால் மலையில் தூய வெள்ளி ஏது? ஸ்பானிய துரோ, பிரெஞ்சு ஐந்து பிராங்க் என்று நாணயத்தை உருக்கித்தான் நகை. அதில் செம்பு கலந்திருக்கும். செம்பு கலந்த வெள்ளி அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே இளகத் தொடங்கும். கம்பியைப் பற்றவைத்த பொடி அதற்கும் முன்னே இளகும். கரியடுப்பில், சூடுமானி இல்லாமல், கண்ணால் நிறம் பார்த்துச் செய்யும் ஒருவருக்குப் போத்தல் கண்ணாடி கேட்கும் சூடு கொடுத்தால் நகையே குழம்பாகிவிடும். அவருக்கு வேண்டியது முந்தி உருகும் கண்ணாடி. இதையெல்லாம் எண்ணில் எழுதாமலே அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எத்தனை நகை பாழாய்ப் போயிருக்கும், எத்தனை போத்தலும் சிமினியும் இடித்துப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு மரியாதை கூடுகிறது.

கபில்காரர்களின் பாத்தி ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் விளங்கியது. பெரிய வெளியில் கண்ணாடி ஊற்றினால் இறுக்கம் முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்து வெடிக்கும். வரப்பு வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு பாத்தியும் தன் பாட்டுக்குச் சுருங்கும். அப்புறம் அந்தப் பின்பக்கம்! என்னுடைய தகடு ஆறியபோது பொரித்த அப்பளம்போல் வளைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்தால் அப்படித்தான் ஆகும், எதிர்ப்பக்கமும் எனாமல் வைத்தால்தான் தகடு நேராக நிற்கும் என்று ஆசிரியர் சொன்னார். ஐரோப்பியப் பட்டறைகளில் அந்தப் பின் எனாமலைக் கழிவுப் பொடியில் ஏனோதானோ என்று பூசிவிடுவார்கள். கபில் அம்மாவின் தப்ஸிம்தில் அதே தேவைக்காகப் பூசிய பக்கம் முன்பக்கத்தைவிட வடிவாக இருந்தது. உடம்போடு படும் பக்கம் அல்லவா, அது போடுகிறவளுக்கு என்றார் அவர். நான் இரண்டு காரணத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது சிவப்புக்கு வருகிறேன். என் மனதில் அதிகம் ஓடியது அதுதான்.

கபில் எனாமலில் நீலம், பச்சை, மஞ்சள் உண்டு. சிவப்பு இல்லை. பழைய கபில் பேச்சில் அஸெக்ஸாவ் என்ற ஒரே சொல் பச்சைக்கும் நீலத்துக்கும் ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அது இரண்டே நிறம். மணிச் சந்தையில் சிவப்பு இல்லாமலா? நிறைய இருந்தது. ஏன் இடிக்கவில்லை? என் தகட்டில் நான்காவது பாத்தியைப் பார்த்தபோது விடை கிடைத்தது. செங்கல் சிவப்பு மணி உலைக்குப் போய் ஈரல் நிறத்தில் திரும்பி வந்தது, ஓரமெல்லாம் கரும்பச்சை. அந்தச் சிவப்பு, கண்ணாடிக்குள் மூச்சடக்கிக் கிடக்கும் செம்பினால் வருவது. மணியாக இருக்கும்வரை காற்று உள்ளே போகாது. மாவாக இடித்து, காற்றுப்பட மறுபடி சுட்டால், செம்பு காற்றோடு சேர்ந்து நிறம் மாறிவிடும். நீலத்தின் கோபால்ட் அப்படியில்லை, எத்தனை முறை உருக்கினாலும் நீலம்தான். இடித்தால் பிழைக்கும் நிறங்கள் எனாமலாயின. பிழைக்காத நிறத்தைக் கடலிலிருந்து எடுத்தார்கள். எல் காலா, தபர்கா கரையோரம் நூற்றாண்டுகளாகப் பவளம் எடுத்த இடம். பவளம் சுண்ணாம்புதான், உலைச் சூட்டில் வெந்துபோகும். அதனால் சூட்டு வேலை எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் பவளத்தைப் பதிப்பார்கள். பவளத்துக்குக் கண்ணேறு கழிக்கும் சக்தி, பிள்ளைப்பேறு, செல்வம் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கபில் நகையில் எந்த நிறம் எங்கே இருக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானித்தது எந்த மணி இடிபட்டும் நிறம் மாறாமல் நின்றது என்பதே. இது என் சொந்த முடிவு.

நிறத்தோடு நிற்கவில்லை, மணி தன் உருவத்தையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. திஸ்னித் பக்கம் தகெம்முத் என்று ஒன்று உண்டு. கோழி முட்டை வடிவில், உள்ளே பொந்தான வெள்ளி மணி, மேலெல்லாம் கம்பிப் பாத்தி, மஞ்சளும் பச்சையும் நீலமும் எனாமல். பவளமும் அம்பரும் கோத்த கனத்த மாலையில் நடுவில் தொங்கும். இங்கே பாரிஸ் அருங்காட்சியகத்தில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது கோடு போட்ட பெரிய வெனிஸ் மணி என்றே நினைத்துக் கடந்துபோய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வெள்ளி. கண்ணாடி மணியை இடித்து, அந்த மாவை வெள்ளிமேல் உருக்கி, மறுபடி ஒரு மணி. சந்தையில் ஒரு சுண்டு தானியத்துக்குக் கிடைத்த பொருள், மணப்பெண்ணின் கழுத்தில் மாலையின் தலைவியாக இருக்கிறது.

அந்த மொரோக்கோ வேலையில் பெரும்பங்கு யூதக் கைகளுடையது. மலையடிவாரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் பெண்களுக்கு நகை செய்தார்கள். 1948க்குப் பிறகு, சிறப்பாக 1950களிலும் 60களிலும், குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். 1492ல் ஒரு கரையில் இறங்கிய வேலை மறுபடி கப்பலேறியது. முஸ்லிம் வேலைக்காரர்கள் தொடர்ந்து செய்கிறார்கள், திஸ்னித் வெள்ளிக் கடைத்தெரு இன்றும் நிரம்பித்தான் இருக்கிறது. ஆத் யென்னியிலும் கோடையில் நகைத் திருவிழா நடக்கிறது. பொடி இப்போது தொழிற்சாலைப் பொடி, நிறம் ஒரே சீராக இருக்கும். பவளம் விலை ஏறியதால் பல கடைகளில் பிளாஸ்டிக் சிவப்புப் பதிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் செய்கிறவர்கள் வாழவும் வேண்டும்.

மணி நீலத்தைத் தொழிற்சாலை நீலத்திலிருந்து கண்ணால் பிரித்தறிய முடியும் என்று அந்த அம்மா சாதிக்கிறார். எனக்கு இன்னும் அவ்வளவு கண் வரவில்லை. ஆனால் தப்ஸிம்தைத் துடைக்கும்போது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நீலப் பாத்தியும் வேறு நீலம். ஒன்றில் மைபோல், பக்கத்தில் கொஞ்சம் ஊதா, இன்னொன்றில் மாவு முழுதாக உருகாமல் ஒரு பருக்கை அப்படியே நிற்கிறது, அதைச் சுற்றிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள். வேறு வேறு மாலையிலிருந்து அறுந்த மணிகள் ஒரே உரலில் சேர்ந்ததால் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். ஓரத்தில் ஒரு பாத்தி வெறுமையாகக் கிடந்தது. எனாமல் கழன்று, உள்ளே வெள்ளி கறுத்துப்போய். நிரப்பித் தரட்டுமா, என்னிடம் மணிப் பொடி மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன்.

"வேண்டாம். மறுபடி நெருப்பில் வைத்தால் பவளம் போய்விடும். பவளத்தைக் கழற்ற நான் விடமாட்டேன்."

வகுப்பில் செய்த தகட்டை அவருக்குக் காட்டவென்று கொண்டுபோயிருந்தேன். வாங்கி, முதலில் திருப்பித்தான் பார்த்தார். பின்பக்கம் வெறும் செம்பு. ஒன்றும் சொல்லவில்லை. முன்பக்கம் திருப்பி, நீலத்தின் மேல் பெருவிரலை வைத்துத் தடவினார். பச்சை சரி என்றார். மஞ்சளுக்கு இன்னும் அலசியிருக்கலாம் என்றார். போத்தல் தெறித்துப்போன இரண்டு குழிகளையும் பார்த்துத் தலையாட்டினார், அவை ஏன் அப்படி என்று கேட்கவே இல்லை. ஈரல் நிறப் பாத்திக்கு வந்ததும் சிரித்தார். பொட்டலத் துணியின் மூலையில் முடிந்து வைத்திருந்த உடைந்த பவளத் துண்டுகளில் ஒன்றை எடுத்து, அந்தப் பாத்தியின் மேல் வைத்து, தகட்டை என் பக்கம் தள்ளினார்.

"ல்மெர்ஜான்," என்றார். பவளம்.